பாலிகஞ்சில் ஒரு நாள்: பாலித் வீட்டிலிருந்து ஏரிக்கரை வரை

கொல்கத்தாவில் மாணவர்கள் நிறைந்த பேட்டை எது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் காலேஜ் தெருவைத்தான் சொல்வார்கள். பிரெசிடென்சி, காபி ஹவுஸ், நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம் என்று அதன் புகழ் பெரிது. ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே படித்து முடித்துவிட்டு நினைவைத் தேடி வருகிறவர்கள். இன்றைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், மாலையில் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் நகரத்தின் தெற்கே, பாலிகஞ்சுக்கு வாருங்கள்.

இங்கே விக்டோரியா மண்டபம் போல ஒரே பார்வையில் மயக்கும் கட்டடம் எதுவும் கிடையாது. ஒரு சதுர மைலுக்குள் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம், சட்டக் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, இரண்டு பெண்கள் கல்லூரிகள், பெயர் பெற்ற பள்ளிகள், ஒரு அறிவியல் அருங்காட்சியகம், ஒரு பெரிய நூலகம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு சந்தை, முடிவில் ஒரு ஏரி. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் இரவு எட்டுக்குள் நிதானமாக நடந்தே முடித்துவிடலாம்.

எந்த நாளில் போவது

வேலை நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வளாகம் பூட்டியிருக்கும். பிள்ளைகள் இல்லாத கல்லூரித் தெருவில் சுவரொட்டிகளை மட்டும் படித்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நடக்க ஏற்ற காலம். ஏப்ரல், மே மாத வியர்வை சென்னைக்காரர்களுக்குப் பழகியதுதான் என்றாலும், ஒரு முழு நாள் நடைக்கு அது ஒத்துவராது. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை மழை. பாலிகஞ்சின் சில தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

துர்கா பூஜை நாட்களில் கல்லூரிகள் மூடிவிடும். ஆனால் ஏக்டாலியா, சிங்கி பார்க், மாடக்ஸ் ஸ்கொயர் பந்தல்கள் எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. கொல்கத்தாவின் துர்கா பூஜையை 2021-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பூஜையைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்றே தனியாக வாருங்கள்; அந்த நெரிசலில் இந்த அத்தியாயம் சொல்லும் நடை நடக்காது.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு நாளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், சரஸ்வதி பூஜை நாளைச் சொல்வேன். நம் ஊரில் சரஸ்வதி பூஜை நவராத்திரியின் ஒன்பதாம் நாள், வீட்டுக்குள் புத்தகம் அடுக்கிச் செய்வது. வங்காளத்தில் அது தை, மாசி வாக்கில் வசந்த பஞ்சமியன்று வருகிறது. அதை நடத்துகிறவர்கள் மாணவர்கள். வசூல், சிலை வாங்குவது, பந்தல் கட்டுவது, கிச்சடி கிண்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அன்று காலையில் பள்ளி, கல்லூரிப் பெண்கள் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு தெருவுக்கு வருவார்கள். பலருக்கு வாழ்க்கையில் முதல் புடவை அதுதான். பையன்கள் பஞ்சாபி என்று அவர்கள் சொல்லும் ஜிப்பாவில் வருவார்கள். மற்ற நாட்களில் எளிதில் நுழைய முடியாத பெண்கள் கல்லூரி வாசல்கள்கூட அன்று பூஜை பார்க்க வருகிறவர்களிடம் சற்று இளகும். இன்னொரு வழக்கமும் உண்டு: பூஜைக்கு முன்னால் இலந்தைப் பழம் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் தேர்வில் தேற முடியாது என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. சந்தையில் இலந்தை குவிந்து கிடக்கும்; கை வைக்காமல் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள்.

வந்து சேர்வது

ஹவுராவில் இறங்குகிறவர்கள் ஆற்றுக்கு அடியில் ஓடும் பச்சைத் தட மெட்ரோவில் சியால்தா போய், அங்கிருந்து தெற்குப் பக்கம் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறுவது நல்ல வழி. முதல் நிறுத்தம் பார்க் சர்க்கஸ், அடுத்தது பாலிகஞ்ச். கட்டணம் 5 ரூபாய்தான். காலையில் நகரத்துக்குள் வரும் ரயில்களில்தான் கடும் கூட்டம். நீங்கள் எதிர்த்திசையில் போவதால் மூச்சுவிட இடம் இருக்கும். பெண்களுக்கான பெட்டியில் ஆண்கள் தவறியும் ஏறிவிடக் கூடாது.

பாலிகஞ்ச் சந்திப்பில் இறங்கியதும் ஐந்து நிமிடம் நடைமேடையிலேயே நில்லுங்கள். கேனிங், லட்சுமிகாந்தபூர் பக்கத்திலிருந்து வரும் ரயில்கள் ஆயிரக்கணக்கான பெண்களை இறக்கிவிட்டுப் போகும். சுந்தரவனத்தை ஒட்டிய கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, பாலிகஞ்சின் அடுக்குமாடி வீடுகளில் சமைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வருகிறவர்கள் அவர்களில் பலர். கீரைக்கட்டும் மீன் கூடையுமாகச் சந்தைக்கு வருகிறவர்களும் உண்டு. இந்தப் பேட்டை படிக்கவும் படிப்பிக்கவும் முடிவதற்குப் பின்னால் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அவர்களைப் பார்க்காமல் பாலிகஞ்சைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

மெட்ரோவிலேயே வர விரும்பினால் எஸ்பிளனேடில் நீலத் தடத்துக்கு மாறி காளிகாட் நிலையத்தில் இறங்கலாம். ஆனால் அது நம் நடையின் முடிவில் வரும் இடம்; அங்கிருந்து தொடங்கினால் எல்லாம் தலைகீழாகும். ட்ராமை நம்பித் திட்டம் போட வேண்டாம். மைதானத்தில் ஒரு பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. கரியாஹாட்டில் தண்டவாளங்கள் கண்ணில் படும். வண்டி வந்தால் தயங்காமல் ஏறிக்கொள்ளுங்கள்.

ஆட்டோக்கள் இங்கே நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி குறிப்பிட்ட தடத்தில் ஓடுபவை. நான்கு பேர் ஏறினால் கிளம்பும், ஓட்டுநர் பக்கத்தில் ஒருவர் உட்பட. பத்து ரூபாய்த் தாள்களும் சில்லறையும் கையில் இருக்கட்டும். யாரையும் அழைக்க "தாதா" போதும். அண்ணன் என்று பொருள். தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏறிவிட்ட முரட்டு வாசனை அங்கே கிடையாது. பெண்களை "திதி" என்று அழைக்கலாம். "கொத்தோ?" என்றால் எவ்வளவு. இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

காலை

நிலையத்தை விட்டு மேற்கே நடந்தால் ஏக்டாலியா தெரு. வழியில் ஏதாவது ஒரு மிட்டாய்க் கடையில் கொச்சூரி பொரிந்துகொண்டிருக்கும். நான்கு கொச்சூரி, தோலோடு வெட்டிய உருளைக்கிழங்குக் குழம்பு, கூடவே ஒரு ஜிலேபி. இந்தப் பலகாரம் காலை பத்து மணிக்கு மேல் தீர்ந்துவிடும். அதனால் முதல் வேலையாக இதை முடித்துக்கொள்ளுங்கள். தேநீரை மண் குவளையில் கேளுங்கள்; அதற்கு "பா஁ட்" என்றும் "பார்" என்றும் ஒலிக்கும் ஒரு பெயர் உண்டு, விரலால் காட்டினாலே தந்துவிடுவார்கள். சூடு உதட்டைச் சுடாமல் கையில் மட்டும் நிற்கும்.

அங்கிருந்து கரியாஹாட் சந்திப்புக்கு வந்து, வடக்கே கரியாஹாட் சாலையில் சுமார் ஒரு கிலோமீட்டர் போனால் பாலிகஞ்ச் பா஁டி. பா஁டி என்றால் காவல் சாவடி. நடந்தும் போகலாம், பேருந்திலும் போகலாம். சாவடிக்கு வடக்கே ஆசுதோஷ் சௌத்ரி அவென்யூவில் பிர்லா மந்திர் நிற்கிறது. 1970-ல் தொடங்கி 1996-ல்தான் திறந்தார்கள். கல்லில் செதுக்கிய வேலைப்பாட்டைப் பார்த்தால் அத்தனை ஆண்டு ஏன் ஆனது என்று புரியும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

குழந்தைகளோடு வந்திருந்தால் அங்கிருந்து குருசதய் தெருவில் உள்ள பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. கன்ஷியாம்தாஸ் பிர்லா கொடுத்த மாளிகையில் 1959 மே மாதம் திறந்தார்கள். இன்று இந்தியா முழுவதும் இருக்கும் அறிவியல் அருங்காட்சியகங்களின் வரிசைக்கு இது தொடக்கம் என்று சொல்லலாம். தரைக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கத்தின் மாதிரி ஒன்றை உண்மைச் சுரங்கம் போலவே அமைத்திருக்கிறார்கள். ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போகாமலே சுரங்கத்தின் இருட்டும் இடுக்கும் எப்படியிருக்கும் என்று தெரியும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்கள் பின்னாலேயே போவது நல்லது, அவர்களுடைய ஆசிரியர் தரும் விளக்கம் இலவசம். பெரியவர்கள் மட்டும் என்றால் ஒரு மணி நேரம் போதும்.

ஒரு வக்கீலின் வீடு

இனி இந்த நாளின் மையத்துக்கு வருவோம். பாலிகஞ்ச் சர்க்குலர் சாலை, எண் 35. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி, முழுப் பெயர் தாரக்நாத் பாலித் சிக்ஷா பிராங்கண். தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "பாலிகஞ்ச் சயன்ஸ் காலேஜ்" என்றால்தான் வழி காட்டுவார்கள்.

தாரக்நாத் பாலித் ஒரு பாரிஸ்டர். நிறையச் சம்பாதித்தவர். 1912-ல் தன் பணத்தையும் நிலத்தையும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய். ஒரு பவுன் தங்கம் இருபது ரூபாய்க்குள் விற்ற காலத்தில். பாலிகஞ்சில் இருந்த வீடும் தோட்டமும் அந்தக் கொடையில் அடக்கம். அடுத்த ஆண்டு ராஷ்பிஹாரி கோஷ் என்ற இன்னொரு வக்கீல் 10 லட்சம் கொடுத்தார். இருவரையும் கொடுக்க வைத்தவர் அப்போதைய துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி, அவர் உயர் நீதிமன்ற நீதிபதி. 1914 மார்ச்சில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு பாலித் காலமானார்.

கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இந்தப் பணத்தில் உருவாகும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களைத்தான் அமர்த்த வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில், அரசுக் கல்லூரிகளில் உயர்ந்த நாற்காலிகள் எல்லாம் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு என்றிருந்த காலத்தில், இது எத்தனை பெரிய காரியம் என்று வாசலில் நின்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்த நிபந்தனையால் திறந்த கதவு வழியாக நம் ஊர்க்காரர் ஒருவர் உள்ளே போனார். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் அப்போது கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரி. கை நிறையச் சம்பளம். அதை உதறிவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, 1917-ல் முதல் பாலித் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. அந்தப் பரிசு வந்தபோது அவர் வகித்த பதவியின் பெயரில் இந்த வீட்டுக்காரரின் பெயர் இருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ராமன் வேலை செய்த மேசையை இங்கே தேட வேண்டாம். இயற்பியல் துறை வடக்கே ராஜாபஜார் வளாகத்தில் இருக்கிறது. அவரும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறலை ஆராய்ந்தது பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் கட்டடத்தில். பாலிகஞ்ச் வளாகத்தில் தாவரவியல், விலங்கியல், நிலவியல், புவியியல், புள்ளியியல், தூய கணிதம், மானிடவியல் போன்ற துறைகள் இருக்கின்றன.

மானிடவியல் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரம் அக்ரகாரத்தில் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே கொச்சி ராஜ்யத்தின் குடிகளைப் பற்றி ஊர் ஊராகப் போய் எழுதியவர். 1920-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் மானிடவியலுக்கு முதுகலைத் துறை தொடங்கியபோது ஆசுதோஷ் அவரை அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே தத்துவத் துறைக்குத் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். திறமை எங்கே இருக்கிறது என்று தேடி, தெற்கே எத்தனை தூரமானாலும் கடிதம் போட்டு வரவழைத்த ஒரு துணைவேந்தர் அந்த நகரத்துக்கு வாய்த்திருந்தார். வங்காளத்தில் நம்மை யாரும் அந்நியமாகப் பார்க்காததற்கு அந்த நாட்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

வாசலில் காவலர் இருப்பார். சுற்றுலா வந்திருக்கிறேன் என்று சொல்லி உள்ளே விடச் சொன்னால் தயங்குவார். எந்தத் துறையைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, பணிவாகக் கேளுங்கள். தேர்வு நாட்களிலும் மாணவர் போராட்டம் நடக்கும் நாட்களிலும் முடியாது, வற்புறுத்த வேண்டாம். உள்ளே போக முடிந்தால் மரங்களை நிமிர்ந்து பாருங்கள். தாவரவியல் படிக்கிறவர்கள் இருக்கும் இடம் என்பதால் கேட்டால் பெயர் சொல்ல யாராவது கிடைப்பார்கள். ஆய்வகங்களுக்குள் எட்டிப் பார்ப்பதும் மாணவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம்.

உள்ளே விடாவிட்டாலும் நாள் வீணாகாது. வாசலுக்கு எதிரிலும் பக்கத்திலும் தேநீர்க் கடைகள் உண்டு. பதினொன்றரை மணிக்கு மேல் அங்கே போய் எலுமிச்சைத் தேநீர் ஒன்று வாங்கிக்கொண்டு நின்றால் போதும். பால் விடாமல், கறுப்பு உப்பு தூவித் தருவார்கள். பேச்சு காதில் விழும்: வராத உதவித்தொகை, கிடைக்காத ஆய்வு வழிகாட்டி, நேற்றைய மோகன் பாகன் கால்பந்து ஆட்டம். நீங்களாக ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லி, எந்த ஊர் என்று விசாரித்து, அரை மணி நேரம் விடமாட்டார்கள். இதற்குத்தான் "அட்டா" என்று பெயர். பழைய கொல்கத்தா வீடுகளுக்கு முன்னால் "ரோக்" என்று ஒரு மேடை இருக்கும்; நம் திண்ணைதான் அது. அட்டா அங்கேதான் வளர்ந்தது. பாலிகஞ்சின் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் வந்ததும் ரோக் போய்விட்டது. அட்டா மட்டும் தேநீர்க் கடை பெஞ்சுக்கு இடம் மாறிக்கொண்டது.

கிளம்பும் முன் தெருப் பலகையையும் பாருங்கள். பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையின் இன்றைய பெயர் பிரமதேஷ் பருவா சரணி. 1935-ல் வங்காளத்தில் தேவதாஸ் படத்தை எடுத்து, தானே தேவதாஸாக நடித்தவர் அவர். நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த 1953-ஆம் ஆண்டுப் படத்தில் அழுத தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் கதையின் முதல் பேசும்பட முகம் இவருடையது என்று தெரிந்திருக்காது. கதையை எழுதியவர் வீட்டுக்கு மாலையில் போவோம்.

பக்கத்தில் ஹாஸ்ரா சாலையில் 1909-ல் தொடங்கிய பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம்.

மதியம்

வங்காளச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட இந்தப் பேட்டையை விட்டால் வேறு இடம் தேட வேண்டாம். "சிக்ஸ் பாலிகஞ்ச் பிளேஸ்" என்ற உணவகம் ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. ஏக்டாலியாவில் "பஜஹரி மன்னா" இருக்கிறது. முதலாவது சற்று விலை கூடுதல், இரண்டாவது மாணவர்கள் பணம் கூட்டிச் சேர்ந்து வரும் இடம். ஒரு மணிக்கு முன்னால் போனால் காத்திருக்க வேண்டாம்.

அவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கசப்பு: பாகற்காய் போட்ட சுக்தோ. பிறகு பருப்பும் பொரியலும், அதன் பின் மீன், பிறகு தக்காளிச் சட்னி என்று அவர்கள் சொல்லும் இனிப்புப் பச்சடி, அப்பளம், கடைசியில் தயிர் இனிப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்துவிடாமல் வரிசையில் சாப்பிட்டுப் பாருங்கள். ஏன் கசப்பில் தொடங்குகிறார்கள் என்பது நாக்குக்கே தெரியும்.

சைவர்கள் ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: "நிராமிஷ்". பருப்பு சைவம்தானே என்று நம்பி வாங்கிவிடக் கூடாது. மீன் தலை போட்டுச் செய்யும் பருப்பும் உண்டு, கீரையும் உண்டு. நிராமிஷ் என்று அழுத்திச் சொன்னால் தேங்காய்ப் பல் போட்ட கடலைப் பருப்பு, லுச்சி என்ற மைதா பூரி, கசகசா அரைத்துச் செய்த உருளைக்கிழங்கு என்று அருமையான சாப்பாடு வரும். கடுகெண்ணெய் வாடை முதல் இரண்டு கவளத்துக்குத்தான் புதிதாக இருக்கும்.

கரியாஹாட்

சாப்பாட்டுக்குப் பிறகு கரியாஹாட் சந்தைக்குள் நுழையுங்கள். மூன்று மணிக்கு மேல் பசந்தி தேவி கல்லூரி, முரளிதர் பெண்கள் கல்லூரி மாணவிகள் இங்கே வர ஆரம்பிப்பார்கள். பசந்தி தேவி, தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் மனைவி. 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் கைதானவர். பெண்கள் தெருவில் இறங்கி கதர் விற்றுச் சிறை சென்ற அந்தக் காலத்தின் பெயர் இந்தக் கல்லூரிக்கு.

நடைபாதைக் கடைகளில் சுடுமண் நகை, பித்தளை நகை, கண்ணாடி வளையல், கையால் வண்ணம் தீட்டிய துணிப் பை எல்லாம் குவிந்திருக்கும். பேரம் பேசலாம், ஆனால் ஒரேயடியாகப் பாதிக்குக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். மாணவிகள் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று இரண்டு நிமிடம் கவனித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். 1996-ல் "ஆபரேஷன் சன்ஷைன்" என்ற பெயரில் இந்த நடைபாதைகளிலிருந்து வியாபாரிகளை ஒரே இரவில் அப்புறப்படுத்தினார்கள். சில காலத்தில் திரும்பி வந்துவிட்டார்கள்.

புடவை வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் கடைகளுக்குப் போக வேண்டும். சாந்திப்பூர், தனியாகாலி தாந்த் புடவைகளின் பருத்தி நம் சின்னாளப்பட்டியைவிட மொடமொடப்பாக இருக்கும். இரண்டு முறை துவைத்தால்தான் உடம்போடு ஒட்டும். காந்தா தையல் போட்டது வேண்டுமானால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் என்றால் ஊசி ஓடிய தடம் அங்கேயும் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். நிதானமாக, பேரம் இல்லாமல் வாங்க விரும்பினால் ஹிந்துஸ்தான் பார்க்கில் உள்ள "பைலூம்", அல்லது டாக்குரியா மேம்பாலத்தருகே பல மாநிலங்களின் கைத்தறிக் கடைகள் சேர்ந்திருக்கும் "தட்சிணாபண்". தட்சிணாபண்ணில் "டாலிஸ் டீ ஷாப்" என்ற சிறிய தேநீர்க் கடை உண்டு. டார்ஜிலிங் தேயிலையின் வகைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு குடிக்க நல்ல இடம்.

கோல்பார்க்கின் புத்தகங்கள்

கரியாஹாட்டிலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் கோல்பார்க். வட்டப் பூங்காவில் விவேகானந்தர் நிற்கிறார். நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். காலேஜ் தெருவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. ஆனால் இங்கே அவசரமாக இழுக்க ஆள் கிடையாது. பாடநூல்களோடு ஆங்கில நாவல்கள், பழைய ஓவியப் புத்தகங்கள், பக்கத்து வீடுகளைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட நூலகங்கள் எல்லாம் கலந்து வரும். முதல் பக்கத்தைத் திறந்தால் யாரோ யாருக்கோ பிறந்தநாளுக்கு எழுதிக் கொடுத்த வரி இருக்கும். நான் அந்த வரிகளுக்காகவே சில புத்தகங்களை வாங்கியிருக்கிறேன். சத்யஜித் ராயின் பெலூடா கதைகளைத் தேடுங்கள். தமிழிலும் வந்திருக்கும் அந்தத் துப்பறிவாளர் குடியிருப்பதாக ராய் எழுதிய ரஜனி சேன் தெரு இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. ராய் படித்தது பாலிகஞ்ச் அரசு உயர்நிலைப் பள்ளியில்.

எதிரே ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிலையம். 1938-ல் தொடங்கி, 1961-ல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. பெரிய நூலகம், பல மொழிகள் கற்றுத்தரும் பள்ளி, மாலைச் சொற்பொழிவுகள். வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அன்றைக்கு ஏதாவது சொற்பொழிவு இருந்தால் உட்கார்ந்து கேட்டுவிட்டே போகலாம். நூலகத்தில் எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே மேசையில் குனிந்து படிப்பதைப் பார்க்கலாம்.

ஏரிக்கரை

ஐந்து மணிக்குள் ரவீந்திர சரோவருக்குப் போய்விடுங்கள். 1920களில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கிய ஏரி. வெகுகாலம் டாக்குரியா ஏரி என்றே பெயர்; 1958-ல்தான் தாகூரின் பெயர் வைத்தார்கள். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். துடுப்புப் படகுச் சங்கங்கள் கரையோரம் இருக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரே மூச்சில் துடுப்புப் போட்டுப் பழகுவதைப் பார்க்கலாம். தீவில் ஒரு மசூதியும் அதற்குப் போக ஒரு தொங்கு பாலமும், கரையில் 1935-ல் ஜப்பானியத் துறவி நிசிதாத்சு புஜி நிறுவிய பௌத்தக் கோயிலும் உண்டு. அந்தக் கோயிலின் மாலை மேளம் ஏரி முழுக்கக் கேட்கும்.

காதலர்கள் பெஞ்சுகளை முன்பே பிடித்துவிடுவார்கள். சற்றுத் தள்ளிப் போய்ப் புல்லில் உட்காருங்கள். பொரியில் கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கித் தரும் ஜால்முரி கிடைக்கும். வெளியே வந்ததும் சதர்ன் அவென்யூவில் விவேகானந்தா பார்க் அருகே புச்கா. மசித்த உருளைக்கிழங்கும் புளித் தண்ணீரும்தான், ஆனால் நம் கடற்கரைப் பானிபூரியைவிடப் புளிப்பும் காரமும் கூட. காரம் குறைக்க "கொம் ஜால்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் வெறும் புளித் தண்ணீர் ஊற்றிய ஒன்றை இலவசமாகக் கேட்பது வழக்கம்; கேட்காவிட்டால் கடைக்காரரே நினைவூட்டுவார்.

ராஷ்பிஹாரி அவென்யூ வழியே

திரும்பும் வழி ராஷ்பிஹாரி அவென்யூ. பலரும் இதைப் புரட்சியாளர் ராஷ்பிஹாரி போஸின் பெயர் என்று நினைக்கிறார்கள். இது பாலித்துக்கு அடுத்து 10 லட்சம் கொடுத்த வக்கீல் ராஷ்பிஹாரி கோஷின் பெயர். காலையில் ஒரு கொடையாளரின் வீட்டில் தொடங்கி, மாலையில் இன்னொருவரின் தெருவில் நடக்கிறோம்.

இடையில் அசுவினி தத்தா தெருவில் சரத்சந்திர சட்டோபாத்யாயரின் வீடு இருக்கிறது. 1938-ல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் இங்கே வாழ்ந்தார். நம் பாட்டிமார் சரத்பாபு என்று பக்கத்து வீட்டுக்காரரைப் போலச் சொன்ன அதே எழுத்தாளர். அவருடைய கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை இருந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அந்த வாசலின் படம் ஒன்றை அவருக்காக எடுத்துச் செல்லுங்கள்.

தேசப்பிரிய பார்க்கைத் தாண்டியதும் லேக் மார்க்கெட். இங்கே காற்றின் மணமே மாறும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, கட்டிய மல்லிகைச் சரம், அரைத்த காப்பிப் பொடி. அலுவலக வேலைக்கும் வங்கி வேலைக்கும் தெற்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்தப் பக்கம்தான் வீடு பிடித்தார்கள். பூக்காரரிடம் தமிழில் பேசினால் வங்காளியான அவரே தமிழில் முழம் விலை சொல்வதும் உண்டு. கோமளா விலாஸ், பனானா லீஃப் இரண்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில். கல்லூரிப் பிள்ளைகள், வங்காளிகள், மார்வாரிகள் எல்லாரும் தோசைக்கு வரிசையில் நிற்பார்கள். நாள் முழுக்கப் புதிய ருசிகளைப் பழகிய நாக்குக்கு டபராவில் ஒரு காப்பி கொடுங்கள்.

அங்கிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் காளிகாட் மெட்ரோ. ஒன்பது மணிக்கு மேல் வண்டிகளின் இடைவெளி கூடிவிடும். ஹவுராவில் இரவு ரயில் பிடிக்கிறவர்கள் ஏழரைக்கே காப்பியை முடித்துக்கொள்ள வேண்டும்.